பாட்டை வைத்துப் பிரிக்கப்படும் இனங்கள்: ஆப்பிரிக்க அவுரிக்குருவிகளின் கணக்கு

1990களின் நடுப்பகுதி. வேலை அனுமதி கையில் கிடைத்த புதிதில், ஜேர்மனிய நகரொன்றில் கூண்டுப் பறவைகள் விற்கும் கடைக்கு வருட முடிவு இருப்பெடுக்க நாங்கள் உதவிக்குப் போயிருந்தோம். பட்டியலில் ஒரு வரி: 'கொம்பாசூ – 14'. ஊர்க்குருவியைவிடச் சிறியவை, கரிக்கறுப்பு, வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் நீலமாக ஒரு மினுக்கம். எண்ணினோம், பதினான்கு சரியாக இருந்தது. அந்த நேரம் கடைக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் கூண்டின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைக்காரரிடம், இது ஒரு வரி இல்லை, இரண்டு வரி என்றார். பதினான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த மனிதர் பார்க்கவே இல்லை, கேட்டார்.

அவர் எதைக் கேட்டார் என்று விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பல வருடம் எடுத்தது. வணிகப் பட்டம் படித்தவர்களுக்கு விலங்கியல் தூரம். ஆனால் ஒரு பொருளை எந்தத் தலைப்பின் கீழ்ப் பதிவது என்ற கேள்வி எங்கள் தொழிலின் கேள்வியும்தான். இந்தக் குருவிகளின் கதையில் அந்தக் கேள்வி நூறு வருடத்துக்கு மேலாகத் தீராமல் கிடந்திருக்கிறது.

குடும்பமும் பெயர்களும்

விடுவிடே என்ற குடும்பத்தில் இப்போது 20 இனங்கள் ஏற்கப்படுகின்றன. எல்லாம் ஆப்பிரிக்காவில், சகாராவுக்குத் தெற்கே. 19 இனங்கள் விடுவா என்ற ஒரே பேரினத்தில் அடங்கும். மிச்சமுள்ள ஒன்று குயில்பிஞ்ச், தனியொரு பேரினம். விடுவாவுக்குள் இரண்டு சாயல்கள் உண்டு. நீண்ட வால் முளைக்கும் ஆண்களையுடைய 9 இனங்களை ஆங்கிலத்தில் விடா என்பார்கள். குட்டை வாலும் கறுப்பு உடலும் உள்ள 10 இனங்கள் இண்டிகோபேர்ட். தமிழில் இவற்றுக்குப் பெயரில்லை. இண்டிகோ என்பது நம் அவுரிச் சாயம் என்பதால் இந்தக் கட்டுரையில் அவற்றை அவுரிக்குருவி என்றே எழுதுகிறோம்.

விடுவா என்றால் லத்தீனில் கைம்பெண். கறுப்பு உடுப்பும் நிலத்தில் இழுபடும் நீள வாலும் ஐரோப்பியருக்குத் துக்க உடையை நினைவூட்டின. லத்தீன் விடுவாவும், வடமொழி வழியாக நமக்கு வந்த விதவை என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்த சகோதரிகள். ஆங்கில விடாவில், பெனின் நாட்டுக் கரையோரத்தில் அடிமை வணிகத்தால் பெயர்பெற்ற ஊடா நகரின் பெயரும் கலந்து குழம்பியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சுமக்கிறவர்கள் எத்தனை ஆயிரம் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பறவைக்கு அதை ஒட்ட எங்களுக்கு மனமில்லை. நெடுவால் குருவி என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. இந்த 20 இனங்களும் சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை, பிற பறவைகளின் கூட்டில் முட்டை இடும். நூல்கள் இவற்றை ஒட்டுண்ணி என்கின்றன. அறிவியலில் அது ஒரு தொழில்நுட்பச் சொல் மட்டுமே. ஆனால் நாங்கள் வந்த காலத்தில் இந்த நாட்டுப் பத்திரிகையொன்றில் அகதிகளைப் பற்றி அதே சொல் அச்சாகி வந்ததை அகராதி வைத்துப் படித்தவர்கள் நாங்கள். ஆகவே அயற்கூட்டுப் பறவை.

நமக்குத் தெரிந்த அயற்கூட்டுப் பறவை குயில். காகத்தின் கூட்டில் வளர்ந்தாலும் அது காகம்போல் கரைவதில்லை, குயில்போலத்தான் கூவும். அவுரிக்குருவியின் விசேஷம் இங்கேதான் தொடங்குகிறது. அது தன்னை வளர்த்தவரின் பாட்டைப் பாடும்.

வளர்ப்பவர்கள் யார் என்றால், நம் வயல்களில் கூட்டமாக இறங்கும் தினைக்குருவிகளின், அதாவது சில்லைகளின், ஆப்பிரிக்க உறவினர். அவற்றில் பயர்பிஞ்ச் என்ற சிவப்புக் குருவிகள்தான் அவுரிக்குருவிகளுக்கு முக்கியமானவை. தீச்சில்லை என்று சொல்லலாம்.

இறகு காட்டிக்கொடுக்காது

ஒரு பறவையின் இனத்தைத் தீர்மானிக்க அருங்காட்சியகக்காரர் முதலில் பார்ப்பது தோலையும் இறகையும். அவுரிக்குருவிகளிடம் அந்த வழி அதிக தூரம் போகாது. பெண்கள் எல்லாமே கோடுபோட்ட மண்ணிறம், ஊர்க்குருவிச் சாயல். ஆண்களும் இனப்பெருக்க காலம் முடிந்தால் கறுப்பை உதிர்த்து அதே மண்ணிறத்துக்குத் திரும்பிவிடும். கறுப்பாக இருக்கும் மாதங்களில்கூட மினுக்கம் நீலமா ஊதாவா பச்சையா, அலகு வெள்ளையா சிவப்பா, கால் என்ன நிறம் என்பவைதான் கைவசமுள்ள ஆதாரங்கள். அவையும் இடத்துக்கு இடம் மாறும். மனிதக் குடியிருப்புகளை அண்டி வாழும் ஊரக அவுரிக்குருவிக்குத் தென்னாப்பிரிக்கப் பக்கம் அலகு சிவப்பு. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே இனத்துக்கு அலகு வெள்ளை.

இதனால் பேரேடு மாறி மாறி எழுதப்பட்டது. ஒருவர் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு இனமாகச் சுருக்குவார், அடுத்தவர் பலவாகப் பிரிப்பார். குடும்பத்தின் இடமும் அப்படித்தான். நெடுவால்களையும் அவுரிகளையும் தூக்கணாங்குருவிக் குடும்பத்தில் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். ஹைப்போசேரா, ஸ்டெகனூரா, டெட்ரெனூரா என்று தனித்தனிப் பேரினங்களும் திறந்தார்கள், பிறகு மூடி எல்லாவற்றையும் விடுவாவுக்குள் கொட்டினார்கள். குயில்பிஞ்சை 1868இல் கபானிஸ் முதன்முதல் விவரித்தபோது, அது கனேரிகளோடு சேர்க்கப்பட்டது. மஞ்சள் நிறமும் கட்டை அலகும் அப்படி நினைக்க வைத்தன.

சீவீசன் கூண்டுகள்

கணக்கைத் திருப்பியவர் யூர்கன் நிக்கொலாய் என்ற ஜேர்மனியர். கொன்ராட் லோரன்சின் சீவீசன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அவர் 1964இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளம். இந்தப் பறவைகளைக் கூண்டில் வைத்து, பாட்டைப் பதிவுசெய்து, ஒவ்வோர் ஆணின் பாட்டுக்குள்ளும் குறிப்பிட்ட ஒரு சில்லையின் பாட்டும் அழைப்பும் துல்லியமாக இருப்பதைக் காட்டினார். ஊரக அவுரிக்குருவியின் பாட்டுக்குள் செவ்வலகுத் தீச்சில்லை இருக்கும். சொர்க்க நெடுவாலின் பாட்டுக்குள் மெல்பா பிஞ்ச் இருக்கும். அந்தக் கடைக்கு வந்த முதியவர் இந்தப் பாரம்பரியத்தில் வந்த பறவை வளர்ப்பாளர் என்று இப்போது ஊகிக்கிறோம். ஒரே கூண்டுக்குள் இரண்டு வளர்ப்புப் பெற்றோரின் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பாட்டு ஏன் முக்கியம்? பெண் குஞ்சும் அதே கூட்டில்தான் வளர்கிறது. அது பாடாது, ஆனால் வளர்த்த தகப்பனின் பாட்டை மனதில் பதித்துக்கொள்ளும். வளர்ந்தபின் அந்தப் பாட்டைப் பாடும் அவுரி ஆணைத் துணையாகத் தேடும். முட்டையிட வேளை வந்ததும் அதே சில்லையின் கூட்டைத் தேடும். ஆணின் வாயிலும் பெண்ணின் காதிலும் ஒரே பாட்டு. ஆகவே செவ்வலகுத் தீச்சில்லை வளர்த்த அவுரிகள் தங்களுக்குள்ளேயே கூடும், பக்கத்து மரத்தில் வேறொரு தீச்சில்லையின் பாட்டைப் பாடும் அவுரியோடு கூடாது. வேலி எங்கும் இல்லை, மலை இல்லை, ஆறு இல்லை. பாட்டுத்தான் வேலி.

ஆனால் ஆண் பாடுவதெல்லாம் வளர்த்தவரின் பாட்டு இல்லை. அவுரிகளுக்கே உரிய சடசடவென்ற கலவைப் பாட்டு ஒன்றும் உண்டு. ஒரே சுற்றாடலிலுள்ள ஆண்கள் அதே பாட்டுத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும், சில கிலோமீற்றர் தாண்டினால் அது வேறு வட்டார வழக்கு. அது வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியும் வரும். மிச்சிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த றொபேர்ட் பேய்ன், சாம்பியாவின் லொச்சின்வார் தேசியப் பூங்காவில் வருடக்கணக்காக இருந்து இதைக் கேட்டு எழுதினார். சொந்தத் தாய் தகப்பனைக் கண்டே இராத பறவை, வளர்த்தவரின் பாட்டைக் கூட்டிலும் தன் இனத்தாரின் பாட்டைப் பிற்பாடு மரக்கொப்பிலும் கற்று, இரண்டையும் வைத்துக்கொள்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர் இதில் எதையாவது கண்டால் அது அவர்கள் பாடு. பறவை நமக்கு உவமை தருவதற்காகப் பாடவில்லை.

வாய்க்குள் உள்ள முத்திரை

சில்லைக் குஞ்சுகள் வாயைத் திறந்தால் உள்ளே ஒரு கோலம் இருக்கும். மேலண்ணத்தில் கரும்புள்ளிகள், ஓரத்தில் மினுங்கும் நீல வெள்ளைக் குமிழ்கள். இனத்துக்கு இனம் கோலம் வேறு. இருண்ட கூட்டுக்குள் தாய் தகப்பன் அந்தக் கோலத்தைப் பார்த்து ஊட்டும். அவுரிக் குஞ்சின் வாயில் தன்னை வளர்க்கும் இனத்தின் கோலம் அப்படியே இருக்கும். 1929இலேயே றுடொல்ப் நொயின்சிக் இந்த ஒற்றுமையை எழுதினார். 2020இல் வெளியான ஆய்வொன்று, சாம்பியாவில் மூன்று இனக் குஞ்சுகளை எடுத்து, கோலம் மட்டுமன்றி இரந்து கேட்கும் குரலும் தலையை ஆட்டும் விதமும்கூட வளர்ப்பவரின் குஞ்சுகளை ஒத்திருப்பதை அளந்து காட்டியது. இவை கூட்டுக்காரரின் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. கூடவே வளரும்.

பாட்டு கற்பது. வாய்க்கோலம் பிறப்பில் வருவது. இனம் என்ற கணக்கின் இரண்டு பக்கமும் இவைதான். நிக்கொலாய் இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதைக் கண்டு ஒரு முடிவுக்கு வந்தார்: சில்லை இனம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும், அதன் கூட்டில் வளரும் விடுவாவும் கூடவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது, இரண்டு குடும்பமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கைகோத்து நடந்து வந்திருக்கின்றன. இரட்டைப் பதிவு முறைபோல, இந்தப் பக்கம் ஒரு பதிவு, அந்தப் பக்கம் அதற்கு ஈடான பதிவு. கணக்காளர்களுக்குப் பிடித்த கொள்கை. எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஐந்தொகை சமப்பட்டுவிட்டது என்பதால் மட்டும் பதிவுகள் சரியென்று ஆகாது. இது தொழிலில் முதல் வருடமே படிக்கிற பாடம்.

ஒரு சோதனையும் ஒரு கணக்காய்வும்

பேய்னும் அவருடைய துணைவர்களும் செய்த கூண்டுச் சோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஊரக அவுரிக்குருவியின் குஞ்சுகள் சிலவற்றை வழமையான செவ்வலகுத் தீச்சில்லையிடமும், சிலவற்றைப் பெங்காலி பிஞ்ச் என்ற வீட்டு வளர்ப்புச் சில்லையிடமும் வளரவிட்டார்கள். பெங்காலி பிஞ்ச் ஆப்பிரிக்கப் பறவையே இல்லை. ஆசியாவின் வெண்முதுகுச் சில்லையிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த வகை அது. அந்த வெண்முதுகுச் சில்லை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. எந்த அவுரிக்குருவியின் முன்னோரும் அதன் பாட்டைக் கேட்டிருக்க வழியில்லை.

1998இல் வந்த முடிவு: பெங்காலி பிஞ்ச் வளர்த்த ஆண்கள் பெங்காலி பிஞ்சின் பாட்டைப் பாடின. 2000இல் வந்த முடிவு பெண்களைப் பற்றியது. பெங்காலி பிஞ்ச் வளர்த்த பெண்கள் அந்தப் பாட்டைப் பாடும் ஆண்களை விரும்பின, முட்டையையும் பெங்காலி பிஞ்சின் கூட்டிலேயே இட்டன. ஒரே தலைமுறை. தாயின் இரத்தத்தில் இருந்த தீச்சில்லை ஞாபகம் என்று எதுவும் மேலே வரவில்லை.

இதன் பொருள் பெரிது. ஒரு பெண் அவுரி, தன் வழமையான கூடு கிடைக்காமல் ஒருநாள் பக்கத்து இனத்தின் கூட்டில் முட்டையிட்டால் போதும். அங்கே பிழைக்கும் மகன்கள் புதிய பாட்டைப் பாடுவார்கள், மகள்கள் அந்தப் பாட்டுக்காரரைத் தேடுவார்கள். பழைய கூட்டத்திலிருந்து ஒரு புதிய கூட்டம் உடனே பிரிந்து நிற்கும். கோடி வருடக் கைகோப்பு தேவையில்லை.

கணக்காய்வு 2003இல் வந்தது. பொஸ்ரன் பல்கலைக்கழகத்தின் மைக்கல் சொரன்சன், கிறிஸ்டினா செஃப்க், பேய்ன் மூவரும் நேச்சர் இதழில் டி.என்.ஏ. முடிவுகளை வெளியிட்டார்கள். அவுரிக்குருவிகள் ஒன்றிலிருந்தொன்று பிரிந்தது மிக அண்மையில், அவற்றை வளர்க்கும் சில்லைகள் பிரிந்தது அதற்கு மிக முன்பு. இரண்டு பக்கத்துத் திகதியும் ஒத்துப்போகவில்லை. கூடு மாறி இனம் பிறந்திருக்கிறது, கூடவே நடந்து பிறக்கவில்லை. நிக்கொலாய் கேட்ட பாட்டு அத்தனையும் சரி, அதிலிருந்து அவர் எழுதிய வரலாறு பிழை. அதற்கு முன் 2001இல் சொரன்சனும் பேய்னும் இன்னொரு கணக்கை முடித்திருந்தார்கள். கனேரியென்றும் தூக்கணாங்குருவியென்றும் அலைந்த குயில்பிஞ்ச், விடுவாக்களின் உடன்பிறந்த கிளை. அயற்கூட்டு வழக்கம் இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு தடவைதான் தோன்றியது, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன்பு என்பது அவர்களின் மதிப்பீடு.

புதிய கூட்டில் பிறந்த குஞ்சின் வாய்க்கோலம் பொருந்தாதே என்று வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. பொருந்தாத குஞ்சுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் பட்டினியாகவே சாகும் என்றில்லை. 2005இல் வந்த ஓர் ஆய்வில் சாதாரண வக்ஸ்பில் என்ற சில்லைக் குஞ்சுகளின் வாய்க்கோலத்தை மாற்றிப் பார்த்தார்கள். வளர்ச்சி குறைந்தது, உயிர் தப்புவது குறையவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் புதிய கூட்டம் தரிக்கிறது. தலைமுறைகள் போகப் போக, நன்றாகப் பொருந்தும் வாய்கள் அதிகம் ஊட்டப்பட்டு, கோலம் மெல்ல மெல்லக் கூட்டுக்காரரின் பக்கம் சாயும். பாட்டு ஒரு நாளில் மாறும், வாய் பல தலைமுறையில் மாறும்.

குயில்பிஞ்ச் ஏன் ஒன்றாகவே இருக்கிறது

இதே குடும்பத்தின் தனிப்பிள்ளையான குயில்பிஞ்சும் பல இனங்களின் கூட்டில் முட்டையிடுகிறது. அவை கதிர்க்குருவிகளும் அவற்றின் உறவுகளான சிஸ்டிக்கோலாக்களும். கூட்டுக்காரர் முட்டையின் நிறத்தையும் புள்ளியையும் பார்த்து அந்நிய முட்டையை எறிபவர்கள் என்பதால், குயில்பிஞ்ச் முட்டைகள் நீலமாகவும் வெள்ளையாகவும் சிவப்பாகவும் புள்ளியோடும் என்று பல தினுசு. அப்படியென்றால் குயில்பிஞ்சும் பல இனங்களாகப் பிரிந்திருக்க வேண்டுமே? பிரியவில்லை.

சாம்பியாவின் சோமா பகுதியில் கிளயர் ஸ்பொற்றிஸ்வூட் குழுவினர் செய்த ஆய்வு 2022இல் இதை விளக்கியது. முட்டையின் தோற்றம் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகிறது. பறவைகளில் பெண்ணிடம் மட்டுமே உள்ள நிறப்புரி ஒன்று உண்டு, தோற்றம் அதன் வழி கடத்தப்படுகிறது. எந்தக் கூட்டில் பிறந்த ஆணும் எந்தக் கூட்டில் பிறந்த பெண்ணோடும் கூடலாம், மகளின் முட்டை தாயின் முட்டைபோலவே இருக்கும். தாய்வழிகள் பல, ஆனால் ஆண்கள் வழியாக மற்ற மரபணுக்கள் எல்லாம் கலந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே ஒரே இனம். அவுரிகளில் மகனும் மகளும் இருவருமே பாட்டைக் கற்பதால் இரண்டு பக்கக் கதவும் ஒரே நேரத்தில் மூடுகிறது. ஒரே குடும்பத்தில் ஒரு வீடு ஒற்றையாக நிற்க, மற்ற வீடு பத்தாகப் பிரிந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பாட்டு காட்டிக்கொடுத்த பறவை

இந்தத் துறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த கதை நைஜீரியாவின் ஜொஸ் பீடபூமியில் நடந்தது. பேய்ன் 1982இல் மேற்கு ஆப்பிரிக்க அவுரிகளை மறுபடி எண்ணி, மூன்று புதிய இனப்பெயர்களை ஏட்டில் ஏற்றினார்: றாரிகோலா, லார்வற்றிகோலா, மேரியே. முதல் இரண்டு பெயருக்கும் 'றாரா வீட்டில் குடியிருப்பது', 'லார்வற்றா வீட்டில் குடியிருப்பது' என்று பொருள். றாராவும் லார்வற்றாவும் அவற்றை வளர்க்கும் தீச்சில்லைகளின் பெயர்கள். கடன்கொடுத்தவரின் பெயரிலேயே கடன்காரருக்குக் கணக்குத் திறந்ததுபோல.

மூன்றாவதான மேரியே ஜொஸ் பீடபூமியில் வாழ்வது. அதன் பாட்டுக்குள் கேட்டது அறியப்பட்ட தீச்சில்லை எதனுடைய குரலோடும் ஒத்துப்போகவில்லை. கணக்கில் வரவு இருக்கிறது, கொடுத்தவர் யாரென்று பெயரில்லை. எங்கள் தொழிலில் இப்படி வந்தால் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டுத் தேடத் தொடங்குவோம். பேய்னும் தேடினார். பாறைக் குன்றுகளின் புல்லும் புதருமான சரிவுகளில், சிவந்த முதுகுள்ள ஒரு தீச்சில்லை அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அறிவியல் அதுவரை பெயரிடாத பறவை. 1998இல் அதற்கு லகனொஸ்டிக்டா சங்குயினோடோர்சாலிஸ், இரத்தநிற முதுகுக்காரி என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் பாறைத் தீச்சில்லை. வளர்ப்புப் பிள்ளையின் பாட்டைப் பிடித்துக்கொண்டு போய் வளர்த்தவரைக் கண்டுபிடித்த கதை.

தீராத வரிகள்

எல்லாம் இப்படி அழகாக முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் வெவ்வேறு இனமென்று எழுதப்பட்ட அவுரிகளின் டி.என்.ஏ.யை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது மிகக் கடினம். 2005இல் இதே செஃப்க், பேய்ன், சொரன்சன் குழுவினரே அதை எழுதினார்கள். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் வித்தியாசம் கொஞ்சம் தெளிவு. கமரூன் அவுரி என்ற இனத்தில் நிலைமை இன்னும் சிக்கல். அதன் ஆண்கள் ஒரே நிறம், ஒரே மினுக்கம், ஆனால் ஒருவர் ஒரு சில்லையின் பாட்டைப் பாடுவார், இன்னொருவர் வேறொன்றின் பாட்டை. பாட்டை ஒலிபரப்பிச் சோதித்தபோது அவை தங்கள் பாட்டுக்கு அதிகம் எதிர்வினை காட்டின. மரபணுவில் தேடினால் பிரிவு இல்லை. பாட்டு இரண்டு, இரத்தம் ஒன்று. இப்போதைக்கு ஒரே பெயரின் கீழ் இருக்கின்றன.

சாம்பேசி ஆற்றோரத்தில் இன்னொன்று. அங்கே சில ஊரக அவுரிக்குருவிகள், வழமையான செவ்வலகுத் தீச்சில்லையை விட்டு, ஆற்றோர நாணலில் வாழும் மண்ணிறத் தீச்சில்லையின் பாட்டைப் பாடுகின்றன. 2002இல் வெளியான ஆய்வு இதை அண்மையில் நடந்த கூடு மாற்றம் என்று சொன்னது. மரபணுவில் பழைய கூட்டத்திலிருந்து வேறுபாடு தெரியவில்லை. இவற்றைப் புதிய இனம் என்று எழுதலாமா? பேய்ன் எழுதவில்லை. சரியென்றே எங்களுக்குப் படுகிறது. ஒரு புதிய பாட்டுக்கூட்டம் பல தலைமுறை நிலைத்து, வாய்க்கோலமும் அதன் பின்னால் வந்து சேர்ந்தால்தான் தனித் தலைப்பு. இடையில் சில பெண்கள் பிழையான கூட்டில் முட்டையிட்டுக்கொண்டே இருந்தால் வேலியில் ஓட்டை விழுந்து இரண்டு கூட்டமும் மறுபடி கலந்துவிடும். எங்களைக் கேட்டால், மேற்கு ஆப்பிரிக்கப் பெயர்கள் சிலவற்றின் எதிரே பென்சிலால்தான் குறிப்போம்.

நெடுவால்களைப் பற்றிக் குறைவாகவே சொன்னோம். சொர்க்க நெடுவால்கள் ஐந்தும் பிட்டிலியா என்ற சில்லைகளின் கூடுகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, வாலின் நீள அகலம் பிரித்தறியக் கொஞ்சம் உதவும். தனியே பேச வேண்டியது ஊசிவால் நெடுவால். அது பல சில்லைகளின் கூட்டைப் பயன்படுத்தக்கூடியது. கூண்டுப் பறவையாக உலகெங்கும் போய், தப்பிப் பறந்து, போட்டோ றிக்கோவிலும் தென் கலிபோர்னியாவிலும் வேரூன்றிவிட்டது. காட்டுப் பறவை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிரந்தரமாகத் தடைசெய்ததால், நாங்கள் இருப்பெடுத்த கடை போன்ற கடைகளில் 'கொம்பாசூ' என்ற வரி இனி முன்போல் வராது.

லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஆப்பிரிக்கச் சில்லைக் கூடுகளை எதிர்பார்க்க முடியாது. அங்கே ஊசிவாலின் குஞ்சுகளுக்கு ஊட்டிவிடுவது புள்ளிச் சில்லை. நம் நெல்வயல்களில் கதிர் முற்றும் காலத்தில் கூட்டமாக இறங்குமே, மார்பில் செதில் செதிலாகக் கோலம் போட்ட அதே தினைக்குருவி. அதுவும் கூண்டிலிருந்து தப்பி அங்கே குடியேறியதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்றும் ஆசியாவிலிருந்து வந்த ஒன்றும் ஒரு அமெரிக்கப் புறநகர்ப் பூங்காவில் ஒரே கூட்டில் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. வாய்க்கோலம் இரண்டுக்கும் பொருந்தாது. இனப் பட்டியலில் அந்தக் கலிபோர்னிய ஊசிவால்கள் இன்றைக்கு விடுவா மக்ரூறா என்ற பழைய வரியிலேயே, பல்லாஸ் 1764இல் எழுதிய அதே பெயரில் நிற்கின்றன.